காலி வீடுகளுக்குத் தண்ணீர் இல்லை

நான் பிறந்தது கிள்ளானில். அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன் வேலை. கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தபோதும் எனக்கு வாய்த்தது ரயில்வே குவார்ட்டர்ஸ்தான். என் கணவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, புறவாசலில் குழாய் என்று அந்த வீட்டுக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வேலை இருக்கிற வரைக்கும்தான் அது நம் வீடு. வேலை போனால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். தெரிந்து வைத்திருப்பதும் கண்ணால் பார்ப்பதும் ஒன்றல்ல என்று எதிர்வீட்டுக்காரர் இறந்தபோது புரிந்தது. அவர் ரயிலில் கார்டாக இருந்தவர். நெஞ்சுவலி வந்து வேலையிலேயே போய்விட்டார். கருமாதி முடிந்த சில நாட்களில் அவர் மனைவியும் பிள்ளைகளும் மாட்டுவண்டியில் சாமான் ஏற்றினார்கள். கட்டில், அம்மிக்கல், சாமி படம், ஒரு தொட்டில். அந்த வண்டி நகர்வதற்குள்ளேயே, வீட்டுக்குப் புதிதாக வரும் குடும்பம் தங்கள் வண்டியோடு தெரு முனையில் வந்து காத்துக்கொண்டிருந்தது. அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்கும் அன்றைக்குத்தான் சாவி. இரண்டு வண்டிகளும் தெருவில் ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டதை நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம். அன்று எங்கள் வரிசையில் எந்த வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த நேரத்தில்தான் ஸ்டேஷன் ஐயா வீடு வீடாக வந்தார். ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அவர். ஓய்வு பெற்றதும் அவரும் குவார்ட்டர்ஸை விட்டு இறங்கி, ஒரு சீனர் கடையின் மாடியில் மனைவியோடு வாடகைக்கு இருந்தார். உயரமான மனிதர். வெயிலோ மழையோ, கழுத்து மூடிய வெள்ளைக் கோட்டு இல்லாமல் வெளியே வரமாட்டார்.

"நம்ம பேர்ல ஒரு வீடு இருந்தா, நம்மள யாரு எறக்கி விட முடியும்?" என்று கேட்டார். "ஆளாளுக்குத் தனியா கட்ட நமக்கு வசதி இல்ல. சேர்ந்து கட்டுவோம்."

சங்கம் ஒன்று தொடங்கினார்கள். கிள்ளான் போகிற ரயில் பாதையோரம், பட்டணத்துக்கு வெளியே, கைவிடப்பட்ட ஒரு ரப்பர்த் தோட்டத்துத் துண்டு நிலத்தை அரசாங்கம் குறைந்த விலையில் கொடுத்தது. குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்டிக் குடியேறாவிட்டால் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்பது நிபந்தனை. சீட்டுக் குலுக்கி மனைகளைப் பிரித்தார்கள். எல்லா வீடும் ஒரே மாதிரி: செங்கல் தூண் மேல் பலகை வீடு, இரண்டு அறை, பின்பக்கம் அடுப்படி, முன்னால் சின்ன வராந்தா. எங்களுக்கு விழுந்த மனை சரிவின் அடியில், ஓடைக்குப் பக்கத்தில். ஓடைத் தண்ணீர் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற அளவுக்குத் தெளிவாக ஓடும். நல்ல இடமாகக் கிடைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

பாழான ரப்பர் மரங்களையும் புதரையும் வெட்டி எரித்தார்கள். வீடுகள் எழுந்தன. முதலில் குடிபோனவர் ஸ்டேஷன் ஐயாதான். சுற்றிலும் லாலாங் புல் ஆள் உயரத்துக்கு நின்ற இடத்தில், மனைவியோடு தனியாகப் போய் விளக்கேற்றினார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வந்தது. நாங்களும் போனோம். என் மூத்த மகன் அப்போது தவழ்கிற பருவம்.

குடிபோன வருஷத்திலேயே காய்ச்சல் தொடங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பல் கிட்டுகிற குளிர், பிறகு அனலாய்க் கொதிக்கும் உடம்பு, பிறகு வியர்வை. காய்ச்சலுக்குக் கொடுத்த கொய்னா மாத்திரையைத் தின்று தின்று காது அடைத்துப்போனது. கிணற்றுத் தண்ணீர் துரு நாற்றம் அடித்தது. வேட்டியைத் துவைத்தால் செம்மண் நிறம் ஏறியது. ரயில் பாதையிலிருந்து வீடுகளுக்கு வரும் வழி மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறு. என் மகனின் வயிறு உப்பி, கால்கள் குச்சியாகிவிட்டன. ஈரத்துணியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். பிரிக்பீல்ட்ஸ் குழாயை நினைத்து அழுதிருக்கிறேன்.

அடுத்தாற்போல் ரப்பர் விலை விழுந்தது. ரப்பர் விழுந்தால் ரயிலுக்குச் சரக்கு ஏது? ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள். சங்கத்தில் பாதிப்பேருக்கு வேலை போயிற்று. என் கணவருக்கும்தான். தோட்டங்களிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் நிறுத்தப்பட்டவர்களை அரசாங்கமே இலவசமாகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மாதமும் எங்கள் குடியிருப்பில் ஏதாவது ஒரு வீடு பூட்டப்படும். சிலர் கதவையும் ஜன்னலையும் கழற்றி விற்றுவிட்டுப் போனார்கள். அந்த வீடுகள் பல் விழுந்த வாய் மாதிரி நின்றன. ரோட்டுக்கும் சாக்கடைக்கும் சங்கத்திடம் பணம் இல்லை. நிலத்தை அரசாங்கம் திரும்ப எடுக்கப்போகிறது என்று பேச்சு அடிபட்டது.

ஒருநாள் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நாமளும் பேரைக் குடுத்துடலாம். கப்பல்ல சும்மாதான் ஏத்திட்டுப் போறாங்க. ஊருக்குப் போயிடலாம்."

"எந்த ஊருக்கு?"

"இது என்னா கேள்வி? நம்ம ஊருக்குத்தான்."

"அது உங்க ஊரு. நான் கண்ணால பார்த்ததே இல்ல. எனக்கு ஊருன்னா கிள்ளான். அங்க போக எதுக்குக் கப்பலு?"

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். வேலை போன பிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்தது. ஆனால் பேர் கொடுக்கும் எண்ணத்தை அவர் விட்டுவிடவில்லை என்று எனக்குத் தெரியும். இங்கே பிழைக்க ஒரு வழி தெரிந்தாலொழிய அவரை என் பேச்சு எத்தனை நாளைக்குக் கட்டிப்போடும்?

ஸ்டேஷன் ஐயா அந்த நாட்களில் காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தோரமாகவே பட்டணத்துக்கு நடந்து போவார். நில ஆபீஸ், சுகாதார ஆபீஸ், ரோட்டு ஆபீஸ் என்று ஏறி இறங்குவார். சாயங்காலம் சேறு படிந்த காலோடு திரும்புவார். "என்னா ஐயா சொன்னாங்க?" என்று கேட்டால், "நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்பார். அவமானப்பட்டாரா, விரட்டினார்களா, எதையும் எங்களிடம் சொன்னதில்லை. அவர் மனைவி மட்டும் ஒருமுறை என்னிடம், "அவரு அங்க கெஞ்சறதில்லம்மா. நீங்க குடுத்த எடம், நீங்களே வந்து பாருங்கன்னு அத மட்டும்தான் சொல்றாராம். தெனமும் அதையே சொல்றாராம்" என்றார்.

கடைசியில் ஒருவர் வந்து பார்த்தார். சுகாதார இலாகாவின் வெள்ளைக்கார அதிகாரி. மெலிந்த உடம்பு, முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். முகம் மஞ்சளித்திருந்தது. அவரும் காய்ச்சல் கண்டவர் என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம். சுகாதார துரை என்று நாங்கள் பேர் வைத்தோம். தோட்டத்து ஜனங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவராம். அதனால் அவருக்கு வா, போ, நில்லு, உக்காரு மட்டும்தான் தெரியும். மரியாதைப் பேச்சு வராது.

"நீதான் தலைவனா? வா" என்று ஸ்டேஷன் ஐயாவைக் கூப்பிட்டார்.

எங்கள் சங்கத்தில் ஓய்வு பெற்ற தபாலாபீஸ் குமாஸ்தா ஒருவர் இருந்தார்; கிராணி என்று கூப்பிடுவோம். அவருக்குச் சுருக்கென்றது. துரை காதில் விழாமல், "ஐயாவப் போயி வா போன்னு பேசறான், பார்த்தீங்களா?" என்றார்.

"அவருக்குக் கத்துக் குடுத்தவங்க அப்படிக் கத்துக் குடுத்திருக்காங்க. இந்தச் சேத்துல எறங்கி வந்திருக்காரே, அதப் பாருங்க" என்றார் ஐயா.

துரை நேராக எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்தார். கிணற்றையும் சேற்றுக் குட்டைகளையும் பார்த்தார். பிறகு ஓடையில் இறங்கி, வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் தண்ணீர் மொண்டு என்னிடம் நீட்டினார். "பாரு." மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தெளிந்த தண்ணீரில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூல் துணுக்குகள் மாதிரி ஏதோ நெளிந்தன.

"இதான் காச்சல்" என்றார் துரை. பிறகு ஐயாவிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார். இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் கொசு அழுக்குத் தண்ணீரில் முட்டையிடாது. வெயில் படுகிற சுத்தமான ஓடையில்தான் இடும். மரங்கள் நிழல் தந்த வரையில் இங்கே அது இல்லை. வீடு கட்ட நாங்கள் மரத்தை வெட்டினோம், வெயில் ஓடையில் விழுந்தது, கொசு வந்தது. எங்கள் மனையின் அழகு என்று நான் நினைத்திருந்த தண்ணீர்தான் என் பிள்ளையைப் படுக்கவைத்திருந்தது. துரை என் மகனின் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அவன் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார். அது எனக்குப் புரியவில்லை. ஆனால் போகும்போது, "நான் திருப்பி வரேன்" என்று தமிழில் சொன்னது புரிந்தது.

சொன்னபடி திரும்பி வந்தார். அரசாங்கம் உதவ ஒப்புக்கொண்டிருந்தது. ஓடையையும் ஊற்றுக் கண்களையும் மண்ணுக்கடியில் குழாய் பதித்து மூடுவார்கள். ரோட்டுக்குக் கல் போடுவார்கள். வீடு கட்டும் கெடுவை நீட்டுவார்கள். பட்டணத்துக் குடிநீர்க் குழாயை எங்கள் குடியிருப்பு வரைக்கும் கொண்டுவந்து, நடுவில் ஒரு பொதுக் குழாய் வைப்பார்கள். ஆனால் குடிநீர் வருவதற்கு ஒரு நிபந்தனை. எல்லா வீட்டிலும் ஆள் குடியிருக்க வேண்டும். "காலி வூட்டுக்குத் தண்ணி இல்ல" என்றார் துரை. இன்னொன்று: இனிமேல் சேரும் ஆட்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்களாக இருக்க வேண்டும் என்று சங்கம் சொல்லக்கூடாது. எந்த வேலை செய்கிறவருக்கும் இடம் உண்டு.

குழாய் பதிக்க ஒரு கூட்டம் வந்து இறங்கியது. ஆணும் பெண்ணுமாகத் தமிழ்க் கூலியாட்கள், மேலே மண்டோர் என்கிற மேஸ்திரி ஒருவர். காலி மனை ஒன்றில் அத்தாப்பு ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். இரும்புக் குழாய் இணைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மண்டோர் கேட்டபோது ஐயா என் கணவரைச் சொன்னார்.

"எஞ்சினப் பிரிச்சு மாட்டுனவன் நான். அந்தக் குழியில எறங்கி நிக்கறதா?" என்று இவர் வீட்டில் முணுமுணுத்தார். ஆனால் போனார். முதல் நாள் தலை முதல் கால் வரை சேற்றோடு வந்து, பேசாமல் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். ஒரு வாரம் போனது. சோறு போடும்போது, "குழாயோட சரிவு கொஞ்சம் தப்பினாலும் தண்ணி தேங்கிடும். இன்னைக்கு மொத்தத்தையும் எடுத்துத் திரும்பப் போட்டோம்" என்று அவராகவே பேச ஆரம்பித்தார். பட்டறை வேலையைப் பற்றிக்கூட அவர் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கப்பல் பேச்சு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஓர் அக்கா இருந்தார். ரவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்க மரம் சீவியவர். புருஷன் காய்ச்சலில் போன பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வேலைக்கு வந்துவிட்டார். தலையில் முண்டாசு கட்டி, ஆண்களுக்குச் சமமாக மண்வெட்டி பிடிப்பார். ஓய்வு நேரத்தில் அவருடைய மகளும் என் மகனும் எங்கள் வராந்தாவில் விளையாடுவார்கள். "ஒங்க புள்ளக்கி எங்க ஐயா காச்சல்தான் வந்திருக்கு, தங்கச்சி. இந்தத் தண்ணிய மூடிட்டோம்னா உட்டுடும். மூடாம நான் போகமாட்டேன்" என்று ஒருநாள் சொன்னார். மகளின் அப்பாவை அவர் 'எங்க ஐயா' என்றுதான் சொல்வார்.

ஓடை மூடப்பட்டது. மேலே கல்லும் மண்ணும் கொட்டிப் புல் பதித்தார்கள். ரோடு போட்டார்கள். ஆனால் குடிநீர் இரும்புக் குழாய் எங்கள் குடியிருப்பு முனையோடு நின்றுகொண்டிருந்தது. சில வீடுகள் இன்னும் காலி. பிரிக்பீல்ட்ஸிலிருந்து யாரும் வருவதாக இல்லை. காய்ச்சல் இடம் என்று பேர் பரவியிருந்தது. வேலை முடிந்ததால் கூலியாட்களைக் கலைக்கப் போகிறார்கள், அவர்களையும் கப்பலேற்றிவிடுவார்கள் என்று மண்டோர் சொன்னார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் ஐயா வீட்டு வராந்தாவில் சங்கம் கூடியது. பெண்கள் நாங்கள் உள்ளே கதவோரம் நின்று கேட்டோம்.

"ஆள் இல்ல, ஆள் இல்லன்னு தேடறோம். ஆள் நம்ம கண்ணு முன்னாலதான் இருக்கு" என்றார் ஐயா. "இந்தக் குழாய் பதிச்சவங்களுக்கே அந்த வீடுகளக் குடுப்போம். ரோட்டு இலாகாவுல அவங்களுக்கு வேலை கேட்டுப் பார்த்துட்டேன். இங்கயே குடியிருந்தா ரோட்டையும் லோங்காங்கையும் பார்த்துக்கற வேலை தர்றேன்னு சொல்றாங்க."

லோங்காங் என்றால் சாக்கடை. அந்த வார்த்தையைக் கேட்டதும் தபாலாபீஸ் கிராணி எழுந்துவிட்டார். "ஐயா, நீங்க பெரியவங்க. ஆனா இதுக்கு நான் ஒத்துக்க முடியாது. என்னா ஜாதியோ என்னமோ. அவங்களும் நாமளும் ஒரே குழாய்ல தண்ணி புடிக்கறதா?"

இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். என் கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஐயா பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"குவார்ட்டர்ஸ்ல இருந்து நம்மள எறக்கி விட்டாங்களே, அப்ப என்னா ஜாதின்னு கேட்டா எறக்கி விட்டாங்க? எல்லாரையும் ஒண்ணாத்தான் எறக்குனாங்க. எறங்கறப்ப ஒண்ணா இருந்தோம். ஏறறப்ப மட்டும் பிரிச்சுப் பாக்கணுமா? என் வீட்டுக்குப் பக்கத்து வீடு என் தம்பிக்குன்னு வச்சிருந்தது உங்களுக்குத் தெரியும். அவன் வரல. மொதல்ல அதத்தான் குடுக்கப்போறேன். சுவருக்குச் சுவரு நான் இருந்துக்கறேன். உங்களுக்குத் தூரமா இருக்கறத நீங்க குடுத்தா போதும்."

என் கணவர் முதலில் கை தூக்கினார். பிறகு ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். கிராணி மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் ஐயா கொட்டகைக்குப் போனபோது நானும் அக்காவுக்குக் கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். கூலியாட்களில் பலருக்கு நம்ப முடியவில்லை. சிலர் அழுதார்கள். அக்கா மட்டும் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "எனக்கு வேணாங்கய்யா" என்றார்.

ஐயாவே திகைத்துப்போனார். "ஏம்மா?"

"தோட்டத்துலயும் வீடு குடுத்தாங்க. எங்க ஐயா செத்ததும் எறங்கச் சொன்னாங்க. இப்ப நீங்க எரக்கப்பட்டுக் குடுக்கறீங்க. நாளைக்கு நீங்க இல்லன்னா? வேற ஒருத்தரு வந்து எறங்குன்னா எறங்கணும். ஒரு தடவ எறங்கனது போதும். குடுத்தா எல்லாருக்கும் குடுத்த மாதிரி குடுங்க. என் பேர்ல. உழைச்சுப் பணம் கட்டறேன். இல்லன்னா நான் கப்பலுக்கே போறேன்."

அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கடைக்காரரிடம் அரிசி கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு நான் அசையாமல் நின்றேன். எதிர்வீட்டுக் கார்டின் மனைவிக்கு இப்படி ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு இடம் இருந்திருக்காது என்று தோன்றியது.

ஐயா தலையாட்டினார். "நீங்க சொல்றதுதாம்மா சரி" என்றார்.

சங்கத்தின் விதியில் ஆண்கள்தான் அங்கத்தினராக முடியும். ஐயா மறுபடியும் கூட்டம் போட்டு அந்த விதியை மாற்றினார். இந்தமுறை எதிர்ப்பு அவ்வளவாக எழவில்லை. களைப்போ, வெட்கமோ, தண்ணீரின் அவசரமோ தெரியாது. நில ஆபீஸில், பெண் பேரில் எப்படி என்று இழுத்தார்களாம். ஐயா மறுபடியும் கோட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளத்தோரம் நடக்க ஆரம்பித்தார். சுகாதார துரையும் ஒரு வார்த்தை சொன்னதாகக் கேள்வி. அக்காவின் பேரில் வீடு பதிவானது. அவரைப் பார்த்து, கொட்டகையில் மிச்சம் இருந்தவர்களும் அதே மாதிரி கேட்டார்கள். அதே மாதிரி கிடைத்தது. கதவு கழற்றப்பட்ட வீடுகளுக்கு, வேலை முடிந்து மிஞ்சிய பலகைகளை எடுத்துக்கொள்ளத் துரை அனுமதி கொடுத்தார். என் கணவர் கீல் வைத்துக் கொடுத்தார். அவர் போட்ட கதவுகள் எதுவும் தரையில் உரசாது.

துரை பார்வையிட வருகிற காலையில்தான் அக்கா குடிபோனார். அதற்கு முந்தைய நாள் வரைக்கும் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அன்று நல்ல தூறல். துரை குடை பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்த்து வந்தார். பூட்டில்லாத கதவு மட்டும் அவருக்குப் போதாது. அடுப்படியில் புகை தெரிகிறதா என்று பார்த்தார். ஆள் இருக்கிற மாதிரி ஏமாற்றும் குடியிருப்புகளை வேறெங்கோ பார்த்திருப்பார் போலிருக்கிறது. நான் ஓட்டமாக அக்கா வீட்டுக்குப் போனேன். அடுப்பு முன்னால் குந்தி ஊதிக்கொண்டிருந்தார். நனைந்த விறகு பிடிக்கவே இல்லை.

"இருங்கக்கா" என்று வீட்டுக்கு ஓடி, எங்கள் அடுப்பிலிருந்து கனலைச் சிரட்டையில் அள்ளி, முந்தானையால் மூடி எடுத்து வந்தேன். இரண்டு பேரும் மாறி மாறி ஊதினோம். கண் எரிந்து தண்ணீர் கொட்டியபோது புகை எழும்பியது. துரை வாசலில் வந்து நின்றார். பின்னால் ஐயா.

"இது யார் வூடு?" என்று துரை கேட்டார்.

அக்கா எழுந்து முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் வீடு, தொரை."

துரை அவரைப் பார்த்தார். குழிக்குள் நின்று மண் வெட்டிய அதே பெண் என்று அடையாளம் தெரிந்துவிட்டது. "நல்லது, அம்மா" என்றார். ஐயாவிடம் திரும்பி, "வாங்க" என்றார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஐயா எதையும் காட்டிக்கொள்ளாமல் குடைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் குழாய் வந்தது. திறந்தபோது முதலில் காற்றுதான் சீறியது. பிறகு செம்மண் கலங்கல் கொட்டியது. எங்கள் முகம் வாடிவிட்டது. "பொறுங்க, லைன் கழுவுது" என்றார் என் கணவர். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, மாலை போடவில்லை. ஐயா கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டு இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். குடித்துவிட்டு, அவருக்கு அடுத்து நின்ற அக்காவுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

காய்ச்சல் ஒரே நாளில் போய்விடவில்லை. பழைய காய்ச்சல் விட்டுவிட்டு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் புதிதாக யாருக்கும் வருவது குறைந்தது. என் மகனின் வயிறு வடிந்தது, ஓடத் தொடங்கினான். என் கணவருக்குத் தண்ணீர் இலாகாவில் நிலையான வேலை கிடைத்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். குழாயடியில் சண்டை இல்லாத வாரம் கிடையாது. யார் குடம் முன்னால், யார் குடம் பின்னால் என்று தொடங்கி, ஜாதியைச் சொல்லித் திட்டுகிற வரைக்கும் போகும். கிராணி தன் வீட்டுக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடிக்கத் தகரத் தொட்டி வைத்துக்கொண்டார். குழாய்ப் பக்கம் தன் வீட்டார் யாரையும் விடவில்லை. ஒரு கோடையில் தொட்டி வற்றியது. அவர் மனைவி ஒருநாள் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, வரிசையில் அக்காவுக்குப் பின்னால் நின்றார். அக்கா தன் குடத்தை எடுத்ததும், அந்த அம்மாவின் குடத்தை வாங்கிக் குழாயடியில் வைத்தார். அதன் பிறகு அவர் தினமும் வந்தார். கிராணி அதைத் தெரியாதது போல் இருந்துகொண்டார்.

அரசாங்கத்தைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு நல்ல வார்த்தை சொல்வது வழக்கமில்லை. காரணங்களும் நிறைய உண்டு. எங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து இறக்கியதும் ஒரு அரசாங்கக் கைதான். ஆனால் மஞ்சளித்த முகத்தோடு ஓடையில் இறங்கி நின்ற அந்த மனிதரையும், அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்திய ஐயாவின் நடையையும் என்னால் குறைத்துச் சொல்ல முடியாது. துரை உடம்பு தாங்காமல் சீமைக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. யாரும் எங்களுக்கு முறையாகச் சொல்லவில்லை. வேறொரு அதிகாரி வந்தபோதுதான் தெரிந்தது.

சில வருஷம் கழித்து காஜாங் பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் வந்தார்கள். அவர்களும் எங்களைப் போலவே சங்கம் வைத்து நிலம் எடுத்து, பாதியில் நின்று தவித்துக்கொண்டிருந்தார்கள். அரசாங்கத்திடம் எப்படிப் பேசுவது என்று ஸ்டேஷன் ஐயாவிடம் கேட்க வந்திருந்தார்கள். ஐயாவுக்கு அப்போது கண்பார்வை குறைந்துவிட்டது; வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தபடி அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"ஆபீஸ் விஷயம் நான் சொல்றேன்" என்றார். "மத்தத பக்கத்து வீட்டு அம்மாகிட்டக் கேளுங்க."

வேலையிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா கால் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். சற்றுத் தயங்கினார்கள். அக்கா தயங்கவில்லை. மண்ணுக்கடியில் ஓடை ஓடும் இடத்தைக் காட்டினார். எந்த வீடு யாருடையது என்று சொல்லிக்கொண்டே நடந்தார். குழாயடிக்கு வந்ததும் நின்று அவர்களைக் கேட்டார்:

"ஒங்க எடத்துல எத்தன வீடு காலியா கெடக்கு? எத்தன பேரு வரக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

அவர்களில் வயதில் சிறியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "அதையும் உட்கார்ந்து பேசலாங்கக்கா" என்றார். அக்கா அவர்களைத் தன் வீட்டு வராந்தாவில் உட்காரவைத்து மகளிடம் காப்பி போடச் சொன்னார். நான் எங்கள் வீட்டிலிருந்து இன்னும் நான்கு டம்ளர் எடுத்துக்கொண்டு போனேன். கடைசி ரயிலுக்கு நேரமாகும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள்.